தோட்டத்து நாயைத் தாமானுக்குக் கூட்டி வரும்போது

போன தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. லோரியில் கட்டில், பீரோ, சாமி படங்கள், நடுவில் இரண்டு நாய்கள். மறுநாள் காலையிலேயே அந்த வீட்டுத் தங்கச்சி என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. “அக்கா, கட்டிப் போட்டா ராத்திரி பூரா கத்துதுங்க. அவுத்து விட்டா பக்கத்து வீட்டு அங்கிள் கவுன்சிலுக்குப் போன் பண்றேங்கிறாரு. நான் என்னக்கா செய்ய?”

எனக்கு மலாய் மொழியில் விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியும் என்பதால் மலேசியாவின் சுங்கை சிப்பூட்டில் பலர் நாய் லைசென்ஸுக்காக என்னிடம் வருகிறார்கள். நானும் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வந்தவள்தான். அங்கே ஒரு நாய்க்குப் பத்து வீட்டில் சோறு கிடைக்கும். யாருடைய நாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தாமானில், அதாவது இந்த மாதிரி வரிசை வீட்டுக் குடியிருப்பில், அப்படி இல்லை. பட்டை இல்லாமல் ரோட்டில் நிற்கிற நாய் தெருநாய்தான். நாய் பிடிக்கிறவர்கள் வந்தால் கூப்பிட்டதும் வாலாட்டிக்கொண்டு போகிற வீட்டு நாய்தான் முதலில் மாட்டும். ஆகவே வீடு மாறிய முதல் வாரத்திலேயே நாய்க்கு லைசென்ஸ் எடுத்துவிடுங்கள்.

லைசென்ஸ் கொடுப்பது கவுன்சில்தான். எங்கள் ஊர் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. நீங்கள் வேறு ஊர் என்றால் உங்கள் நகராண்மைக் கழகமோ மாவட்ட மன்றமோ, அங்கே போங்கள். ஐசி (அடையாள அட்டை) நகல், வீட்டு முகவரிக்கான பில், நாயின் படம், தடுப்பூசி அட்டை இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போனால் இரண்டாவது நடை மிச்சம். சில கவுன்சில்களில் அக்கம்பக்கத்தாரின் சம்மதக் கையெழுத்தும் கேட்பார்கள். ஒரு வீட்டில் எத்தனை நாய் வளர்க்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு, அதைக் கௌண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். லைசென்ஸை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். நான் ஜனவரியில், பிள்ளைகளின் பள்ளிச் செலவோடு சேர்த்து அதற்கும் பணம் ஒதுக்கிவிடுவேன்.

அவர்கள் கொடுக்கும் லைசென்ஸ் வில்லையை அலமாரியில் பத்திரப்படுத்தாதீர்கள். அது நாயின் கழுத்தில் இருக்க வேண்டும். கழுத்துப் பட்டை வாங்குவதற்கு முன் துணி அளக்கிற டேப்பால் கழுத்தை அளந்துகொள்ளுங்கள். பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால் தலை வழியே கழன்றுவிடும், இறுக்கமாக இருந்தால் மழைக்காலத்தில் முடிக்கு அடியில் புண் வைக்கும். குட்டியாக இருந்தால் மாதம் ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும். பட்டையின் உள்பக்கம் அழியாத மையால் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நாய் பிடிபட்டால் அன்றைக்கே கவுன்சிலுக்குக் கிளம்புங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது. ரசீதும் ஐசியும் கையில் இருக்கட்டும்.

பெண் நாய் என்றால் கருத்தடை செய்துவிடுங்கள். ஆறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் சுமார் 63 நாள்தான். பணம் இல்லை என்று தள்ளிப்போட்டவர்கள்தான் பிறகு குட்டிகளைப் பெட்டியில் வைத்துக் கோயில் பின்பக்கம் விட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி அது குற்றமும்கூட. 20,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 1,00,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி போட வேண்டும். அதைத் தவறவிட்டால் பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்து குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விடும்.

இனி நான் அதிகம் வற்புறுத்துகிற விஷயம். தாமானுக்கு வந்தாலும் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் கான் (சாக்கடை) தாண்டினால் செம்பனைத் தோட்டம்தான். அங்கே எலிக்கு மருந்துக் கட்டி வைப்பார்கள், மரத்துக்கு ஒன்று. பார்க்க மெழுகுத் துண்டு மாதிரி இருக்கும். நாய்க்கு அதன் வாசனை பிடிக்கும்.

என் நாய் ராணி அதைத் தின்றது எனக்குத் தெரியாது. தின்ற அன்று நன்றாகத்தான் இருந்தது, ஓடியது, சோறு தின்றது. நாலாவது நாள் படுத்தே கிடந்தது. வெயிலுக்கு என்று நினைத்தேன். மறுநாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. ஈப்போவுக்குக் கொண்டுபோய்ச் சேர்வதற்குள் மூக்கில் ரத்தம். காப்பாற்ற முடியவில்லை. அந்த மருந்து ரத்தத்தை உறைய விடாது; உள்ளே கசிந்துகொண்டே இருக்கும், வெளியே தெரியச் சில நாள் ஆகும் என்று அன்றைக்குத்தான் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அதிலிருந்து தினமும் காலையில் சோறு வைக்கும்போது ஒன்று செய்கிறேன், நீங்களும் செய்யுங்கள். நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்தே இருந்தால், அல்லது நிறம் திரும்ப நேரமானால், அப்போதே கிளினிக்குக்கு. ஈறு பிறவியிலேயே கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையை இழுத்து உள்நிறத்தைப் பாருங்கள். மருந்தைத் தின்பதை நேரில் பார்த்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். மிச்சக் கட்டியோ அதன் உறையோ கிடைத்தால் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே அதைக் கொன்றுவிடும். வைட்டமின் கே1 கொடுப்பார்கள், பல வாரம் தொடர வேண்டியிருக்கும். நாய் எழுந்து ஓடுகிறதே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

தோட்டத்து மண்டோரை (கங்காணி) தெரிந்திருந்தால் அடுத்து எப்போது மருந்து வைப்பார்கள் என்று கேட்டு வையுங்கள். நான் கேட்டு, வரிசை முழுக்கச் சொல்லிவிடுவேன். அந்த நாட்களில் நாய்கள் கட்டிப் போட்டபடியே இருக்கும்.

உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால் சண்டைக்கு நிற்காமல் முதலில் குழாயைத் திறங்கள். கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, கடிபட்டவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய் நோய் வந்தது, 2017இல் சரவாக்கில் ஆட்களே இறந்தார்கள். கடித்த நாயை விரட்டிவிடாமலும் அடித்துவிடாமலும் கட்டி வைத்து, கால்நடைத் துறை அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். அதைச் சில நாள் கவனித்தால்தான் நோய் உண்டா இல்லையா என்று தெரியும்.

அப்புறம் பாம்பு. செம்பனையில் எலி இருக்கும்வரை பாம்பும் வரும். நாய் ஓர் இடத்தைப் பார்த்து விடாமல் குரைத்தால் முதலில் நாயை உள்ளே இழுத்துக் கட்டுங்கள். பிறகு 999க்கு அடித்தால் பொம்பாவோ (தீயணைப்புப் படை) பொதுத் தற்காப்புப் படையோ வருவார்கள். வரும்வரை ஒருவர் தூரத்தில் நின்று, அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மலைப்பாம்பை அடிக்காதீர்கள், 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட இனம். இங்குள்ள கருநாகம் விஷத்தைக் கண்ணைப் பார்த்துத் துப்பும். நாய் முன்னங்காலால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஓடிவந்தால் அதுதான் நடந்திருக்கும். மருந்து எதுவும் விடாமல், சுத்தமான தண்ணீரை மெல்ல ஊற்றிக் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு, கால்நடை டாக்டரிடம் கொண்டுபோங்கள். பிடிப்பதற்கு ஒருவர், ஊற்றுவதற்கு ஒருவர் வேண்டும். கடைசி வீட்டுத் தங்கச்சியும் நானும் சேர்ந்து அதை ஒருமுறை செய்தோம். அந்தப் பழுப்பு நாய்க்கு இப்போது இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது.