கார்டு ஒன்று, உரிமம் வேறு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டயட்டீஷியனாக இருக்கிறேன். என்னிடம் வீடியோவில் ஆலோசனை பெற்ற சர்க்கரை நோயாளி ஒருவர் ஃபுளோரிடாவுக்குக் குடிபோனார். தொடர்ந்து பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். டயட்டீஷியன்களைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பான சிடிஆரின் பதிவு நாடு முழுக்கச் செல்லுமே! ஆனால் உரிமம் நோயாளி உட்கார்ந்திருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. சந்திப்பை நிறுத்திவிட்டு ஃபுளோரிடா உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். சிடிஆர் பதிவுக் கார்டின் நகலை அனுப்பிவிட்டுக் காத்திருந்தது என் அசட்டுத்தனம். சான்று சிடிஆரிடமிருந்தே நேராகப் போக வேண்டுமாம். அப்புறம் அதைக் கேட்டு அனுப்ப வைத்ததும் வேலை நகர்ந்தது.

சேர்ந்துள்ள மற்ற மாநிலங்களிலும் வேலை செய்ய வழிசெய்யும், டயட்டீஷியன்களுக்கான மாநில உடன்படிக்கை 7 மாநிலங்கள் சட்டமாக்கினால் செயலுக்கு வரும் என்று எழுதப்பட்டது. அதிலும் சொந்த மாநிலம், நோயாளியின் மாநிலம் இரண்டுமே சேர்ந்திருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.