ஹோட்டன் சமவெளி: யாழ்ப்பாணத்திலிருந்து போவோருக்கு

முதல்நாளே நுவரெலியாவில் தங்கிவிடுங்கள். அங்கிருந்து ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்கா ஏறத்தாழ 32 கிலோமீற்றர். வெள்ளன 5 மணிக்குள் வாகனம் புறப்படவேண்டும். பிந்தினால், ஒன்பது பத்து மணியளவில் மூடும் புகாரில் உலக முடிவு என்ற செங்குத்து மலைவிளிம்பு வெறும் வெள்ளைச் சுவர்தான். ஆகவே பாதை பிரியுமிடத்தில் முதலில் உலக முடிவுக்கே நடவுங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சி திரும்பும்போது. முழுச் சுற்று சுமார் 9 கிலோமீற்றர். நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் இடம் வழுக்கும், தேய்ந்த செருப்பு வேண்டாம்.

2,100 மீற்றர் உயரக் குளிருக்கு நம்மூர்ப் பருத்திச் சட்டை போதாது, நனைந்தால் காயாது. கம்பளியும் மழைக்கோட்டும் எடுங்கள். பொலித்தீனை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள், சாப்பாட்டை வாழையிலையில் கட்டுங்கள் (பனையோலைப் பெட்டி இன்னும் நல்லது).

பறவை பார்க்க 8x42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) தொலைநோக்கி போதும். 10x மங்கல் வெளிச்சத்தில் கை நடுக்கத்தைத்தான் பெருப்பிக்கும். குளிரில் நின்றுவிட்டு அதைச் சூடான வாகனத்துக்குள் கொண்டுவந்தால் வில்லையில் ஆவி படியும்; ஏறும்போதே யன்னலைச் சற்றுத் திறந்துவிடுங்கள். இலங்கைக்கே உரிய அரெங்காப் பறவை விடியும் முன்னும் பொழுதுபடும்போதும் ஓடைக்கரைப் புதரில் கூரிய சீட்டியடிக்கும். ஆண் கருநீலம், பெண் கபிலம். தேடி அலையாமல் ஓரிடத்தில் அசையாது நில்லுங்கள். மஞ்சள் காதுச் சின்னான் வாகனத் தரிப்பிடத்திலேயே கிடைக்கும். மரைக்கு மட்டும் பிஸ்கற் நீட்டாதீர்கள்.