மேசைப் பலகைக்கு வார்னிஷ்: பிரஷ் வேண்டாம், துணி போதும்

வீட்டில் செய்த மேசைப் பலகைக்கு எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் வார்னிஷை வாங்கி, அதே அளவு மினரல் டர்பன்டைன் கலந்து, நூல் பிரியாத பழைய பருத்தித் துணியால் மெல்லிசாகத் தேயுங்கள். துணியால் தேய்ப்பதற்கென்றே தனி டப்பாவில் விற்பதும் பெரும்பாலும் இப்படி நீர்க்க வைத்த வார்னிஷ்தான். அதற்குக் கூடுதல் காசு தர வேண்டாம்.

பூச்சு மெல்லியதாக இருப்பதால் பிரஷ் தடம் விழாது, ஓரங்களில் வழியாது, தூசி வந்து ஒட்டுவதற்குள் மேற்பரப்பும் காய்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெய் மட்டும் தடவினால் மரம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஈரமான தம்ளர் வைத்த இடத்தில் வளையம் விழும். வார்னிஷ் மேலே ஒரு படலமாக நின்று அதைத் தடுக்கிறது. என்ன, பூச்சு மெல்லியது என்பதால் நாலைந்து தடவையாவது தேய்க்க வேண்டும். நடுவில் நன்றாகக் காயவிட்டு, 320 நம்பர் உப்புத்தாளால் லேசாக உரசுங்கள். பலகையின் அடிப்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் ஈரப்பதம் ஏறி இறங்கும்போது பலகை வளையலாம்.

தண்ணீர் வகை வார்னிஷுக்கு இது சரிப்படாது, டர்பன்டைன் அதில் கலக்காது. கீறல் விழுந்த இடத்தை மட்டும் சுலபமாகச் சரிசெய்ய வேண்டுமென்றால் ஹார்டுவாக்ஸ் எண்ணெய் (எண்ணெயும் மெழுகும் கலந்த மரப்பூச்சு) தான் நல்லது.

அப்புறம், எதைத் தேய்த்தாலும் துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துப் போட்டு முழுக்கக் காய்ந்த பிறகே தூக்கிப் போடுங்கள்.