எனாக்ஸாபரின் ஊசி வீட்டில்: குமிழியை வெளியேற்றாதீர்கள்

இடுப்பு, முழங்கால் மாற்று அறுவைக்குப் பிறகு, அல்லது காலில் ரத்தம் உறைந்த பிறகு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஊசிகளில் ஒன்று எனாக்ஸாபரின். கிளெக்சேன் என்ற பெயரில் வரும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்தைச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்வது இது. உறைந்த கட்டியை இது கரைக்காது. கட்டி வளராமல் தடுக்கும், கரைக்கிற வேலையை உடம்பே பார்த்துக்கொள்ளும். அதனால்தான் வலி போனதும் நிறுத்திவிடக் கூடாது.

பெட்டியில் உள்ள மில்லிகிராமை மருந்துச்சீட்டோடு ஒத்துப்பாருங்கள். 40 மி.கி. என்றால் 0.4 மி.லி. உறையாமல் தடுக்க வழக்கமாக ஒரு நாளைக்கு 40. ஏற்கெனவே உறைந்ததற்கு வைத்தியம் என்றால் எடைக்கு ஏற்ற கணக்கு: கிலோவுக்கு 1 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது குறையும், ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் அளவைப் பார்த்துப் போடாதீர்கள்.

கையைக் கழுவி, சாய்ந்து உட்காருங்கள். தொப்புளிலிருந்து குறைந்தது மூன்று விரல் அகலம், அதாவது 5 செ.மீ., தள்ளி வயிற்றின் பக்கவாட்டில் இடம் பாருங்கள். இன்று இடது என்றால் நாளை வலது. தழும்பும் கன்றிய இடமும் வேண்டாம். ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு குத்தினால் எரியும்.

மூடியை நேராக இழுத்துக் கழற்றியதும் உள்ளே ஒரு காற்றுக் குமிழி தெரியும். பழக்கத்தில் பலர் அதைத் தட்டி வெளியேற்றுவார்கள். முழு சிரிஞ்சையும் போடுவதானால் அப்படிச் செய்யாதீர்கள்: மருந்து கொஞ்சம் போய்விடும். ஊசி கீழ்நோக்கி இருக்கும்போது குமிழி மேலே, தண்டுப் பக்கம் நிற்கும். கடைசியில் அது மருந்தின் கடைசிச் சொட்டையும் உள்ளே தள்ளிவிடும். தோலுக்கு அடியில் போகும் இத்துணூண்டு காற்றால் ஆபத்தில்லை.

கொழுப்பை விரல்களால் மடித்துப் பிடித்து, முழு ஊசியையும் 90 பாகையில் நேராக இறக்குங்கள். தண்டை மெதுவாக, கடைசி வரை அழுத்துங்கள். ஊசியை எடுக்கும் வரை மடிப்பை விடாதீர்கள். எடுத்த பிறகு பஞ்சை வைத்து லேசாக அழுத்துங்கள். தேய்க்காதீர்கள்! கையகலத்துக்குக் கறுத்துப்போவதற்குத் தேய்ப்பதுதான் பல நேரம் காரணம். காசளவு கன்றினால் சகஜம்.

25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கும். பிப்ரவரி வெயிலில் நிறுத்திய காரில் பெட்டி கிடக்கக் கூடாது. ஃப்ரீசரிலும் வைக்கக் கூடாது. ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் போடுங்கள், இரண்டைச் சேர்த்துப் போடாதீர்கள்.

சமையலறை அலமாரியில் இருக்கும் கிராண்ட்பா பொடியில் ஆஸ்பிரின் இருக்கிறது. தலைவலிக்கு அதைக் கலக்கிக் குடித்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். டாக்டர் சொன்னால் தவிர வேண்டாம், பாரசிட்டமால் போதும்.

புரட்டாசி விரதக்காரர்கள் கேட்பார்கள்: ஆம், இது பன்றிக்குடலின் உட்சவ்விலிருந்து எடுப்பது. (1916இல் மருத்துவ மாணவர் ஜே மெக்லீன் இந்த வகைப் பொருளை முதலில் பார்த்தது நாயின் ஈரலில்.) மனம் ஒப்பாவிட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், ஃபாண்டாபரினக்ஸ் என்ற மாற்று ஊசி முழுக்கச் செயற்கை. யாரிடமும் சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து. தைப்பூசத்துக்கு அலகு குத்தும் வேண்டுதல் இருந்தால் இந்த வருடம் பால்குடத்தோடு நிறுத்துங்கள். முருகன் கோபிக்க மாட்டான்.

கருத்த மலம், சிவந்த சிறுநீர், நிற்காத மூக்கு ரத்தம், தலையில் அடி, இவற்றில் எது என்றாலும் ஆம்புலன்ஸ் எண் 10177க்கு அழைத்து, ஊசி போடும் விவரத்தை முதலில் சொல்லுங்கள். ஊசி தொடங்கி 5 முதல் 10 நாளுக்குள், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் திடீரென்று சரியக்கூடும் என்பதால், ரத்தப் பரிசோதனைக்குத் தேதி கொடுத்திருந்தால் தவறவிடாதீர்கள். தீர்ந்த சிரிஞ்சுகளை மூடி போட முயலாமல் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, கிளினிக்கிலோ மருந்துக்கடையிலோ திருப்பிக் கொடுங்கள்.