பழைய கண்ணாடி ஜாடியில் ஈஸ்ட் ஸ்டார்ட்டர் தயாரிக்கும் முறை

வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் பலர் திரவ ஈஸ்ட்டை 20 லிட்டர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கரைசலில் நேரடியாகச் சேர்ப்பதில்லை. பாலுக்கு உறை ஊற்றும் முன் உறைமோர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல, ஈஸ்ட்டை முதலில் சிறிதளவு கரைசலில் பெருக்கி, அது உயிரோடு இருப்பதையும் உறுதி செய்துகொள்கிறார்கள். இதுவே ஸ்டார்ட்டர். பொடி ஈஸ்ட் வாங்குபவர்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. ஸ்டார்ட்டருக்கென்று ஆய்வகக் குடுவையை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை; ஊறுகாயோ ஜாமோ இருந்த பெரிய கண்ணாடி ஜாடியே போதும்.

தொடங்கும் முன் சட்டத்தையும் அறிந்துகொள்வது நல்லது. பிரிட்டனில் 1963 முதல் சொந்தப் பயன்பாட்டுக்கு உரிமம் இல்லாமலே பீர் காய்ச்சலாம். ஆனால் விற்கக் கூடாது. தமிழ்நாட்டிலோ 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஆகவே இக்குறிப்பு, அனுமதி உள்ள நாடுகளில் வசிப்பவர்களுக்கானது.

முதலில் ஜாடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு லிட்டர் ஸ்டார்ட்டருக்கு 2 லிட்டர் ஜாடி வசதியானது, ஏனெனில் நுரை எழும்புவதற்கு மேலே இடம் வேண்டும். பழைய பொருள் கடையில் வாங்கும்போது ஜாடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் அந்த இடம் பளிச்சென மின்னும். பிறகு விரல் நகத்தை வாய் விளிம்பின்மேல் ஒரு சுற்று நகர்த்துங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே கண்ணாடி பெயர்ந்திருக்கிறது என்று பொருள். அந்த ஜாடியை விட்டுவிடுங்கள். பெயின்ட், மண்ணெண்ணெய் போன்றவை இருந்ததாகச் சந்தேகம் தோன்றும் ஜாடியும், ஈயம் கலந்த அலங்காரக் கண்ணாடியும் வேண்டாம்.

அடுத்தது சுத்தம் செய்தல். லேபிளின் பசை போகவில்லை என்றால் சமையல் எண்ணெயும் சோடா உப்பும் குழைத்துத் தடவி, அரைமணி நேரம் கழித்துத் தேய்த்தால் வந்துவிடும். உட்புறத்தை வெதுவெதுப்பான நீரில் கரைத்த சலவை சோடாவால் கழுவி, நன்றாக அலசுங்கள். ப்ளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சுக் குளோரின் வாயு வெளியாகும்.

கண்ணாடியில் வாசனை தங்குவதில்லை, மூடியில்தான் தங்கும். ஊறுகாய் மூடியின் உட்புறத்தில் உள்ள மெல்லிய ரப்பர் போன்ற பூச்சு பூண்டு, வினிகர் நெடியை எத்தனை முறை கழுவினாலும் விடாது. எனவே பழைய மூடியை ஒதுக்கிவிட்டு, அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுவதே என் பரிந்துரை. இதற்கு வேறொரு முக்கியக் காரணமும் உண்டு. ஈஸ்ட் இடைவிடாமல் கரியமில வாயுவை வெளியிடும். சாதாரண உணவு ஜாடி அந்த அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டதன்று. இறுக மூடினால் அது வெடிக்கக்கூடும்.

இனி கரைசல். ஒரு லிட்டர் நீருக்கு 100 கிராம் உலர் மால்ட் சாறு என்ற கணக்கில் பாத்திரத்தில் கலந்து, 10 முதல் 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். சட்டென்று பொங்கி வழியும் என்பதால் அடுப்பை விட்டு நகர வேண்டாம். கொதிக்கும் கரைசலை ஜாடியில் ஊற்றவே கூடாது. ஆய்வகக் குடுவை வெப்பத்தைத் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியால் ஆனது. கடை ஜாடியோ திடீர் சூட்டில் அடியோடு பிளந்துவிடும். பாத்திரத்தோடு குளிர்நீர்த் தொட்டியில் வைத்து, 20 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை ஆறவிடுங்கள்.

அது ஆறும் நேரத்தில், ஸ்டார் சான் போன்ற கிருமிநீக்கியை லிட்டருக்குச் சுமார் 1.5 மில்லி வீதம் கலந்து ஜாடி, தாள், கத்தரிக்கோல், ஈஸ்ட் பொட்டலத்தின் வெளிப்புறம் அனைத்தையும் நனையுங்கள். மிஞ்சும் நுரையைக் கழுவ வேண்டியதில்லை. பின் கரைசலை ஊற்றி, ஈஸ்ட்டைச் சேர்த்து, தாளால் மூடி, காற்று கலக்கும்படி ஜாடியை நன்றாகச் சுழற்றுங்கள். வெயில் படாத இடத்தில் வைத்து, நினைவு வரும்போதெல்லாம் சுழற்றிவிடுங்கள்.

பெரும்பாலும் 24 முதல் 36 மணி நேரத்தில் அடியில் பாலேடு நிறத்தில் படிவு சேரும். ரொட்டி வாசனை வந்தால் நல்லது. வினிகர் நெடியோ, மேலே பூஞ்சையோ தென்பட்டால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். நல்லதாக இருந்தால் ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, தெளிந்த மேல்நீரை வடித்துவிட்டு, எஞ்சிய படிவைக் கலக்கி பீர் கரைசலில் சேர்க்கலாம்.

ஈஸ்ட் சேர்க்காத கரைசல் மிஞ்சினால், அதை ஜாடியில் அடைத்து அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஆபத்தானது. அதன் அமிலத்தன்மை போதாததால், சாதாரணக் கொதியில் அழியாத பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் காற்றில்லாத ஜாடிக்குள் வளர்ந்து நஞ்சை உண்டாக்கக்கூடும். ஒவ்வொரு முறையும் தேவையான அளவுக்கு மட்டும் புதிதாகக் காய்ச்சுங்கள்.