‘யெஸ்’ சொல்லி வேலையை இழக்காதீர்கள்

ஹட்டனில் இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஓ.எல்., ஏ.எல். முடித்துவிட்டு நுவரெலியா, பண்டாரவளை, எல்ல பக்கம் ஹோட்டல் வேலை தேடுகிறவர்கள், கொழும்புக்கோ கட்டாருக்கோ போக நினைக்கிறவர்கள். புதிதாக ஒரு கூட்டம் வரும்போதெல்லாம், போன கூட்டம் விட்ட அதே பிழைகளும் கூடவே வந்துவிடுகின்றன. ‘ஹீ கோஸ்’ என்பதில் கடைசி எழுத்தை விடுவது, ‘டிட்’டுக்குப் பின்னால் ‘வென்ட்’ போடுவது மாதிரியானவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை எந்த வாத்தியாரும் திருத்திவிடுவார், கேட்கிறவருக்கும் விஷயம் விளங்கிவிடும். தலைகீழாக விளங்குகிற பிழைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

‘இல்லையா?’ என்று கேட்டால் ‘யெஸ்’ சொல்வது

தலவாக்கலைப் பக்கத் தோட்டத்துத் தம்பி ஒருவர், நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்கு ரூம் பாய் வேலைக்கு இன்டர்வியூ போனார். கெட்டிக்காரப் பிள்ளை, உச்சரிப்பும் சுத்தம். மனேஜர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்:

“யூ ஹேவன்ட் வர்க்ட் இன் எ ஹோட்டல் பிஃபோர்?”

“யெஸ், சேர்.”

“ஓ, விச் ஹோட்டல்?”

தம்பி முழித்திருக்கிறார். வேலை செய்ததில்லை என்றுதானே சொன்னோம், எந்த ஹோட்டல் என்று ஏன் கேட்கிறார்? மனேஜருக்கோ, பையன் பொய் சொல்லி மாட்டிக்கொண்டான் என்று பட்டிருக்கும். அடுத்த கேள்வி, “டூ யூ மைண்ட் வர்க்கிங் ஒன் தீபாவளி?” தீபாவளியன்றும் வரத் தயார் என்று காட்டுவதற்காகத் தம்பி இரண்டு தரம் “யெஸ், சேர்” என்றிருக்கிறார். வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. திரும்பி வந்து என்னிடம் கேட்டார்: “எல்லாத்துக்கும் யெஸ்தானே சேர் சொன்னேன், ஏன் எடுக்கல?”

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருகிற பிழை இதுதான். நாம் வகுப்பில் பழக்குவதெல்லாம் “டூ யூ லைக் டீ?” என்று நேராக வரும் கேள்விகளை. அதற்கு “யெஸ், ஐ டூ” என்று பிள்ளைகள் ஒரே குரலில் பாடுவார்கள். வெளியே மனிதர்கள் அப்படி நேராகக் கேட்பதில்லை. “அனுபவம் இல்லையா?”, “சிங்களம் தெரியாதா?”, “இன்னும் ஐடென்டிட்டி கார்ட் வரவில்லையா?” என்றுதான் கேட்கிறார்கள்.

நம் ‘ஆமாம்’ கேட்டவரோடு ஒத்துப்போகிற சொல். “நேத்து நீ வரலையா?” “ஆமா, வரல.” தமிழில் இது முழுக்கச் சரி. ஆங்கிலத்து ‘யெஸ்’ கேட்டவர் என்ன நினைத்துக் கேட்டார் என்று பார்ப்பதில்லை, பதிலில் வரப்போகிற வினையைத்தான் பார்க்கும். வந்திருந்தால் “யெஸ், ஐ டிட்.” வராவிட்டால் “நோ, ஐ டிடின்ட்.” கேள்வி எந்தப் பக்கம் வளைந்து வந்தாலும் இதில் மாற்றமில்லை.

மறுபக்கமும் இதே கதைதான். “நீங்க டீ குடிக்கிறதில்லையா?” என்றால் “இல்லல்ல, குடிப்பேன்” என்போம். அதையே “நோ, நோ, ஐ டிரிங்க்” என்று ஆங்கிலத்தில் சொன்னால், முதல் ‘நோ’விலேயே கோப்பை திரும்பிப் போய்விடும். கோப்பை போனால் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் “யூ ஆர் நொட் அலர்ஜிக் டு பெனிசிலின்?” என்று கேட்கும்போது, ஒவ்வாமை உள்ள ஒருவர் ‘அப்படியில்லை, எனக்கு அலர்ஜி உண்டு’ என்று நினைத்துக்கொண்டு “நோ, டொக்டர்” என்று தொடங்கினால் என்ன ஆகும்? அவசரத்தில் இருக்கிற டொக்டர் மிச்சத்தைக் கேட்காமலே எழுதிவிடலாம். வளைகுடாவுக்குப் போகிற பிள்ளைகளிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

ஆங்கிலத்திலேயே ஒரு காலத்தில் இதற்கு நான்கு சொற்கள் இருந்தன. நேராகக் கேட்டால் ‘யே’, ‘நே’. மறுத்துக் கேட்டால் ‘யெஸ்’, ‘நோ’. 16ஆம் நூற்றாண்டிலேயே அந்த வேறுபாடு குழம்பத் தொடங்கி, பிறகு முதல் இரண்டும் வழக்கொழிந்து போயின. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும், மறுத்துக் கேட்டவரிடம் ‘இல்லை, உண்டு’ என்று சொல்வதற்கென்றே இன்றைக்கும் தனிச்சொல் இருக்கிறது. ஆக, நம் பிள்ளைகள் தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வழுக்குகிற இடம் அது. ஆனால் வேலை போவது நம் பிள்ளைக்குத்தான்.

சரி, என்ன செய்யலாம்? கேள்வியில் வருகிற ‘நொட்’டைக் காதில் வாங்காதீர்கள். ‘செய்தேனா, செய்யவில்லையா’ என்று மட்டும் உங்களையே கேட்டுக்கொண்டு பதில் சொல்லுங்கள். அப்புறம், ‘யெஸ்’, ‘நோ’வோடு ஒருபோதும் நிறுத்தாதீர்கள். “நோ, ஐ ஹேவன்ட்” என்று வினையையும் சேர்த்துச் சொன்னால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆங்கிலம் தாய்மொழியான சிலரும் பேச்சுவாக்கில் “யா, ஐ ஹேவன்ட்” என்று தொடங்குவதுண்டு. அங்கேயும் குழப்பத்தைத் தீர்ப்பது பின்னால் வரும் வினைதான்.

‘டூ யூ மைண்ட்’ என்று வந்தால் ‘உங்களுக்கு ஆட்சேபனை உண்டா?’ என்று கேட்கிறார்கள். சம்மதம் என்றால் “நொட் அட் ஆல், சேர்.” இதை நாக்கு பழகும்வரை வீட்டில் யாரையாவது கேட்கச் சொல்லிச் சொல்லிப் பாருங்கள். வாட்ஸ்அப் வீடியோவில் இன்டர்வியூ என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டிச் சம்மதம் சொல்வோம். அது வெளிநாட்டுக்காரர் கண்ணுக்கு மறுப்பாகத் தெரியலாம். வாயால் சொல்லுங்கள்.

முடிந்துபோன வருடத்தோடு ‘ஹேவ்’

‘2021இல் ஏ.எல். முடித்திருக்கிறேன்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். அதனால்தான் என் கைக்கு வருகிற சீவிகளில் “ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை ஏ.எல். இன் 2021” என்ற வரியை அடிக்கடி பார்க்கிறேன். வருடமோ, ‘நேற்று’, ‘போன மாதம்’ போன்ற முடிந்த காலமோ பக்கத்தில் வந்தால் ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ நிற்காது. “ஐ கம்ப்ளீட்டட்” போதும். வருடத்தை எடுத்துவிட்டால் ‘ஹேவ்’ வரலாம்.

‘பை’ வரவேண்டிய இடத்தில் ‘அன்டில்’

சான்றிதழ்களை “ஐ வில் சென்ட் அன்டில் ஃபிரைடே” என்று எழுதினால், வெள்ளிக்கிழமை வரை ஒவ்வொரு நாளும் அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்றாகிவிடும். தமிழில் நாம் இதைக் குழப்புவதே இல்லை. ‘வெள்ளிக்குள்’ என்றால் ‘பை’, ‘வெள்ளி வரை’ என்றால் ‘அன்டில்’.

வாக்கியக் கடைசியில் ‘வித்’ வந்தால் பிழை என்று திருத்துவது

இது பிள்ளைகளின் பிழை இல்லை, திருத்துகிற நம்முடையது. 1672இல் ஜோன் டிரைடன் என்ற கவிஞர் இதைக் குறையாகச் சொன்னார். லத்தீனை அளவுகோலாக வைத்திருந்தவர்கள் பிறகு அதையே விதியாக்கிவிட்டார்கள். “ஹூ டிட் யூ கம் வித்?” நல்ல ஆங்கிலம். அதற்குச் சிவப்புக் கோடு போட்டு, பேசத் தொடங்குகிற பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள்.

‘டிஸ்கஸ் அபவுட்’

‘அபவுட்’டை எடுத்துவிடுங்கள்.

‘பாஸ்ட் அவுட் ஃப்ரம் ஸ்கூல்’

இலங்கையிலும் இந்தியாவிலும் விளங்கும். வெளிநாட்டு மனேஜருக்குப் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்ததாகத்தான் கேட்கும். “ஐ ஃபினிஷ்ட் ஸ்கூல்” என்று எழுதுங்கள்.