பூத்திருக்கும் ஆர்க்கிடைத் தொட்டி மாற்றலாமா?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் இருக்கிற நாம் கேரளா போய்வரும்போது ஆர்க்கிட் வாங்கினால், பூத்த செடியாகப் பார்த்துத்தான் வாங்குவோம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தொட்டிக்கு மாற்றக் கை பரபரக்கும். பொறுங்கள். வேரைக் கலைத்தால் செடி தண்ணீர் உறிஞ்சுவது குறையும். மொட்டு மஞ்சளாகிக் கொட்டிவிடும், விரிந்த பூவும் சீக்கிரம் வாடும். டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட் என்றால் பூ முடிந்து, புதுத் தளிரின் அடியில் வேர் எட்டிப் பார்க்கும் நேரமே சரி.

ஆனால் வேர் அழுகினால் பூவுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் அடிக்கிற நம் ஊரில் இது அடிக்கடி நடக்கும். குறிப்பாக ஃபெலனாப்சிஸ் வகை பெரும்பாலும் ஸ்பாக்னம் என்ற உலர்பாசி அடைத்த பிளாஸ்டிக் கப்பில்தான் வருகிறது. அந்தப் பாசி இந்த ஈரத்தில் காயவே காயாது.

முதலில் வேரைப் பாருங்கள். நல்ல வேர் காய்ந்திருந்தால் வெள்ளிச் சாம்பல் நிறம், நனைந்தால் பச்சை, அழுத்தினால் கெட்டி. அழுகியது பழுப்பாகி நசுங்கும். இழுத்தால் மேல்தோல் கழன்று நூல் மட்டும் கையில் நிற்கும். ஈரம் இருந்தும் இலை சுருங்கினால் வேர் போய்விட்டது என்று அர்த்தம்.

இரண்டு மூன்று வேர்தான் கெட்டிருக்கிறதா? கலைக்க வேண்டாம். தண்ணீரைக் குறையுங்கள். தொட்டி மிகவும் சிறிதாக இருந்தால், வேர்க்கட்டை அப்படியே எடுத்துச் சற்றுப் பெரிய தொட்டியில் இறக்கி, சுற்றிலும் கரித்துண்டு போடுங்கள். அரைவேலைதான், ஆனால் பூ உதிரும் வரை தாங்கும்.

பாதிக்கு மேல் போய்விட்டதா? பூந்தண்டை வெட்டிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் வெட்டிய தண்டு குவளைத் தண்ணீரில் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். செடி போனால் இரண்டும் போச்சு.

இனி மாற்றும் வேலை. தேங்காய் மட்டையைச் சிறு துண்டாக்கி, இரண்டு மூன்று நாள் ஊற வையுங்கள்; பழுப்புச் சாயம் இறங்கி முடியும் வரை தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். மரக்கரி, ஓட்டுச் சில்லு இரண்டையும் தூசி போகக் கழுவுங்கள். புளியரை மாதிரி மழை ஊரில் கரியும் சில்லும்தான் அதிகம், மட்டை ஒரு கைப்பிடி போதும். சுரண்டைப் பக்க வெயிலுக்கு மட்டையைக் கூட்டலாம். மண்ணும் சாணமும் வேண்டவே வேண்டாம். மரத்தில் தொற்றி வளர்கிற செடி இது, அதன் வேருக்குக் காற்று வேண்டும்.

தொட்டியில் பக்கவாட்டிலும் ஓட்டை இருக்கட்டும். அளவு, வேர் அடங்கும் அளவுதான். பெரிய தொட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

கத்தியைத் தீயில் காட்டி ஆறவிட்டு, அழுகிய வேரை மட்டும் வெட்டுங்கள். வெட்டுவாயில் சமையலுக்குப் போடும் பட்டையின் (லவங்கப்பட்டை) பொடியைத் தொட்டு வைக்கலாம், ஆனால் நல்ல வேரில் பட்டால் அதைக் காயவைத்துவிடும். டென்ட்ரோபியத்தில் இலை உதிர்ந்த பழைய தண்டை வெட்டாதீர்கள், அதில்தான் சேமிப்பு இருக்கிறது. பழைய தண்டு தொட்டி ஓரமாகவும், புதுத்தளிர் நடுவைப் பார்த்தும் இருக்கும்படி வையுங்கள். தண்டின் அடி புதையக் கூடாது. அப்புறம் ஒரு குச்சி ஊன்றிக் கட்டுங்கள். சாரல் காற்றில் செடி ஆடினால் புது வேர்நுனி உரசி ஒடிந்துவிடும்.

மூன்று நான்கு நாள் வேருக்குத் தண்ணீர் வேண்டாம், காலையில் இலையில் லேசாகத் தெளித்தால் போதும். மழை படாத நிழலில் வையுங்கள். பச்சை வேர்நுனி தெரிந்த பிறகு உரம்: 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, நீரில் கரையும் உரம்) லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒருமுறை.